மஞ்சள் வில்லை

ஒன்பது மாடி ஜவுளிக் கடையில் ஒரே ஒரு மூத்திரப்பைக்கு மட்டும் ராஜ மரியாதை நடந்தது என்றால் நம்புவீர்களா? நடந்தது. அந்தப் பை என்னுடையது.

பெயர் பிரம்மசக்தி. வேலை, திருநெல்வேலி பத்மராகம் ஜவுளி மாளிகையில், மூன்றாவது மாடி பட்டுப் பிரிவில். பெயரில் பிரம்மாவும் இருக்கிறார், சக்தியும் இருக்கிறாள். பாத்ரூம் கதவைத் திறக்க இரண்டு பேராலும் முடியவில்லை.

முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கடை ஊழியர்கள் தேவைப்படும்போது கழிப்பறைக்குப் போவதை யாரும் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருடம் அது. எங்கள் முதலாளி அண்ணாச்சி சட்டத்தை மதிக்கிறவர். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். படித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"தேவைப்படும்போதுன்னு போட்டிருக்கான். தேவைப்படுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

தெரியவைக்கிறேன் என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒருவன் வந்தான். அபினேஷ். பெங்களூரில் படித்த பையன், ஒல்லி, காதில் ஒரு வளையம். எங்களையெல்லாம் கேன்டீனில் உட்காரவைத்து, தண்ணீர் நிரப்பிய சிவப்பு பலூன் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"அக்காமாரே, இது பலூன் இல்ல. உங்க மூத்திரப்பை."

பக்கத்தில் இருந்த ஜெஸிந்தா என் காதுக்குள் சொன்னாள். "ஏட்டி, என்னுது இவ்வளவு லெச்சணமாவா இருக்கும்?"

அவன் விளக்கினான். ரூபாய் நாணயம் அளவில் ஒரு வில்லை. தொப்புளுக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். அது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பித் திருப்பி வாங்கும். பை எவ்வளவு நிறைந்திருக்கிறது, உள்ளே தெளிவா கலங்கலா, சுவர் வீங்கியிருக்கிறதா என்று அதற்குத் தெரிந்துவிடும். முக்கால்வாசி நிறைந்தால் பாத்ரூம் கதவு தானாகத் திறக்கும்.

"முக்கால்வாசி நிறையலைன்னா?" என்று கேட்டேன்.

"தேவை இல்லைன்னு அர்த்தம்க்கா."

"எனக்குத் தேவைன்னு தோணுதே தம்பி."

"தோணுறது வேற, தேவை வேற."

பையன் கெட்டவன் இல்லை. கல்யாணம் ஆகாதவன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னான். வில்லையின் நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் உண்டு. பச்சை என்றால் நலம். கிருமி புகுந்த அறிகுறி தெரிந்தால் மஞ்சள். மஞ்சள்காரர்களுக்குக் கால்வாசி நிறைந்தாலே கதவு திறக்கும், ஏனென்றால் அவர்கள் அடக்கவே கூடாது. கம்பெனி டாக்டர் எழுதிய மாத்திரையும் சுவரில் உள்ள பெட்டியிலிருந்து வேளாவேளைக்கு விழும். வில்லையை வேறு யாராவது தொட்டால், மாற்றினால், ஏமாற்றினால் வேலை போய்விடும். அந்தக் கடைசி வரியைச் சொன்னவர் அபினேஷ் இல்லை, எங்கள் ஃப்ளோர் மேனேஜர் சுடலையாண்டி.

ஆண்களுக்கு வில்லை கிடையாது. ஆண்கள் பாத்ரூமில் நேரத்தை வீணாக்க மாட்டார்கள் என்பது அண்ணாச்சியின் சொந்த ஆராய்ச்சி.

எனக்கு அந்தக் கதவால் பெரிய கஷ்டம் இல்லை. கர்வத்தோடு சொல்கிறேன், அடக்குவதில் ஒன்பது மாடிக்கும் நான்தான் சாம்பியன். காலையில் வீட்டில் போனால் ராத்திரி வீட்டில்தான். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று தண்ணீரையே நிறுத்தியவள் நான். சின்னப் பெண்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். "வாயை நனைச்சுக்கோ, முழுங்காத" என்பது என் உபதேசம். முட்டாள்தனத்துக்குப் பொன்னாடை போர்த்துவதென்றால் எனக்குத்தான் முதலில் போர்த்தியிருக்க வேண்டும். பிறகு போர்த்தினார்கள். அதற்கு வருகிறேன்.

ஆடித் தள்ளுபடி வந்தது. கூட்டம் படியில் நின்றது. ஒரு முகூர்த்தப் பட்டு எடுக்க பதினோரு பேர் வருகிற காலம். ஒரு வாரம் நின்றேன். எட்டாவது நாள் போகும்போது எரிந்தது. மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. போய்விட்டு வந்தால் மறுபடி போகணும் போல இருந்தது. போனால் நாலு சொட்டு.

சூடு பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். பார்லி கஞ்சி, வெந்தயம், நுங்கு என்று வீட்டையே ஒரு சித்த வைத்தியசாலை ஆக்கினேன். எரிச்சல் என்னைவிடப் பிடிவாதக்காரி.

அன்று டிரையல் ரூமில் சேலையை விலக்கிப் பார்த்தேன். வில்லை மஞ்சளாக இருந்தது.

கொஞ்சம் அழுதேன். பிறகு கதவு முன்னால் போய் நின்றேன். பை நிறையவே இல்லை, ஆனாலும் கதவு திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் அழுகை நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி திறந்தது. அதற்குப் பிறகும். பெட்டியிலிருந்து மாத்திரை விழுந்தது, மூன்றாம் நாள் எரிச்சல் பாதியானது. பத்து வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுகத்தை நான் கண்டதில்லை.

ஜெஸிந்தா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பிரம்மு, இதைக் கழட்ட முடியுமா?"

"குளிக்கையில கழட்டத்தானே செய்யுதோம்."

"அப்ப கழட்டி என் வயித்துல ஒட்டு."

"என்னட்டி சொல்லுத?"

"காலையில இருந்து ரெண்டு தடவை போய் நின்னுட்டேன். அரைவாசிதான் இருக்காம், திறக்க மாட்டேங்கு. என் வயிறு, என் பை, கணக்கு மட்டும் அதுக்கு. ஒட்டுட்டீ."

ஒட்டினேன். அவள் போனாள். கதவு திறந்தது. திரும்பி வந்தவள் முகத்தில் கல்யாணக் களை.

வில்லைக்கு ஆள் அடையாளம் தெரியாது என்ற மாபெரும் விஞ்ஞான உண்மை இப்படித்தான் பட்டுப் பிரிவில் கண்டுபிடிக்கப்பட்டது.

அடுத்த வாரத்துக்குள் நாங்கள் ஒன்பது பேர். என் வில்லை மூன்றாவது மாடியில் தொடங்கி, சுடிதார் பிரிவு, குழந்தைகள் பிரிவு என்று நாடு சுற்றியது. போக்குவரத்துக்கு ஒரு வாடாமல்லி கலர் பட்டுச்சேலை. யாருக்கு அவசரமோ அவள் கவுன்டர் ஓரமாக நின்று, "அக்கா, அந்த வாடாமல்லிய ஒரு கஸ்டமர் கேக்காங்க" என்பாள். வில்லையை மடிப்புக்குள் வைத்துக் கொடுப்பேன். டிரையல் ரூம், பாத்ரூம், திரும்பவும் மடிப்பு. அரை மணி நேரத்துக்கு மேல் வயிறு இல்லாமல் இருந்தால் வில்லை கத்தும் என்பதால் எப்போதும் யாராவது ஒருத்தி வயிற்றில் அது இருந்தது.

சுடலையாண்டி சாருக்கு ஒரே சந்தோஷம்.

"பிரம்மசக்தி, அந்த வாடாமல்லிக்கு என்ன கிராக்கி. ஆனா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காங்களே."

"கலர் பிடிக்கி சார். பார்டர் பிடிக்கல."

அவர் காஞ்சிபுரத்துக்கு போன் போட்டு, அதே கலரில் வேறு பார்டரில் ஒரு கட்டு வரவழைத்துவிட்டார்.

எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து வைத்தார்கள். டிபனில் அதிரசம் வந்தது. பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்த ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா நான் வேலையை விட்டிருப்பேன்" என்றாள். பெண்கள் தைரியமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். கவுன்டருக்கு அடியில் பாட்டில்கள் வந்தன.

தலைவி ஆனவளுக்கு ஒரு சின்ன அசௌகரியம் மட்டும் இருந்தது. வில்லை என் வயிற்றில் இல்லை. நான் போய் நின்றால் கதவு திறக்காது. என் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், வரிசையிலோ எட்டுப் பேர். திருப்பிக் கேட்கலாம்தான். கேட்க வெட்கமாக இருந்தது. பொதுநலத்தில் இறங்கிய ஒருத்தி சொந்த மூத்திரத்தைப் பெரிதாக நினைக்கலாமா? பழைய சாம்பியன் ஆயிற்றே, அடக்கினேன். தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வில்லை என்ன பார்க்கிறது? நன்றாகத் தண்ணீர் குடித்து, இரண்டு மணிக்கொரு தரம் காலி செய்கிற, தெளிவான எட்டுப் பைகளை. நடுவில் எப்போதாவது என் பை. ஒரு நாள் காலை அது தனக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பச்சையானது. பிரம்மசக்தி குணமடைந்துவிட்டாள். கூடவே எங்கள் ஒன்பது பேருக்கும் கால்வாசிச் சலுகை போயிற்று.

அன்று மாத்திரைப் பெட்டி திறக்கவில்லை. பாதி மாத்திரை உள்ளே இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தட்டிப் பார்த்தேன். குணமானவளுக்கு எதற்கு மாத்திரை என்று அது சும்மா இருந்தது. எனக்கும் எரிச்சல் குறைந்திருந்தது. மெஷினுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். என் உடம்பு என்னிடம் சொன்னதைவிட அந்தக் காசளவு பிளாஸ்டிக் சொன்னது பெரிதாகப் பட்டது, பாருங்கள்.

நாலாம் நாள் எரிச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை தனியாக வரவில்லை. வலது விலாவுக்குப் பின்னால் யாரோ கட்டையால் அழுத்துவது போல ஒரு வலி. குளிர் வேறு. ஆடி முடிந்த வெயிலில் நான் சேலைக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். கஸ்டமர்கள் டிசைன் காட்டுகிறேன் என்று நினைத்தார்கள்.

அன்றைக்கென்று கடையில் விழா.

அபினேஷின் வில்லையால் முழுமையாகக் குணமான முதல் ஊழியருக்குப் பாராட்டு. மேடையில் அண்ணாச்சி, அபினேஷ், நடுவில் நான். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குள் என் பற்கள் தந்தி அடித்தன.

"ஏசியை ஏன் இம்புட்டு வச்சிருக்கீங்க, பிள்ளை நடுங்குது" என்றார் அண்ணாச்சி.

அபினேஷ் மைக்கைப் பிடித்தான். "இந்த அக்காவோட உடம்பு நமக்கு ஒரு பாடம் சொல்லியிருக்கு."

அந்த உடம்பு அப்போது வேறு ஒரு பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. இறங்கி, குடோன் பக்கம் ஓடி, வாந்தி எடுத்தேன். கைக்குக் கிடைத்தது பொன்னாடைதான். தமிழ்நாட்டில் ஒரு பொன்னாடை உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அநேகமாக அன்றுதான்.

ஜெஸிந்தா பின்னாலேயே வந்து என் நெற்றியைத் தொட்டாள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அடுப்பு மாதிரி கொதிக்குதுட்டீ. வா, மேனேஜர்ட்ட சொல்லிருவோம். வில்லைய மாத்தி மாத்தி ஒட்டினோம்னு சொல்லிருவோம்."

"சொன்னா?"

"உனக்கு மருந்தாவது குடுப்பாங்கல்லா."

"ஒம்பது பேரையும் வெளிய அனுப்பிருவாங்க. ரஹ்மத்துக்குக் கைப்பிள்ளை. அதோட கதவையும் ஒரேயடியாப் பூட்டிருவாங்க."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. பச்சையாத்தானே இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. எங்கம்மைக்கு உடம்பு முடியவில்லை என்று மேனேஜரிடம் சொல்லி அன்று ஒரு நாளைக்கு மட்டும் லீவு வாங்கி என்னை ஆட்டோவில் ஏற்றினாள். எங்கம்மை தென்காசியில் நல்ல ஆரோக்கியத்தோடு பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

டாக்டர் ரமலாவுக்கு ஐம்பது வயது இருக்கும். விலாவில் லேசாகத் தட்டினார். நான் கட்டிலை விட்டு எழும்பினேன்.

"எரிச்சல் எப்ப வந்தது?"

"மஞ்சளாகுறதுக்கு முந்தி."

"என்னது?"

ஜெஸிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாத்திரையைப் பாதியில நிறுத்தச் சொன்னது யாரு?"

"பெட்டி, டாக்டர்."

"எரிச்சல் குறைஞ்சா கிருமி செத்துட்டுன்னு அர்த்தம் இல்லம்மா. அசந்து கிடக்குன்னு அர்த்தம். சொன்ன அளவுக்கு முழுசாச் சாப்பிட்டு முடிக்கணும். நீங்க நிறுத்திட்டு, அடக்கியும் வச்சிருக்கீங்க. தேங்கி நின்னா அதுக்குக் கொண்டாட்டம். கீழ இருந்தது மேல ஏறி கிட்னியைத் தொட்டுட்டு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். அப்புறம் நான் உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"விளக்கெண்ணெய் வாசனை வருதே."

"இன்னைக்கும் தொப்புள்ல வச்சேன். சூட்டுக்கு."

"வைங்க, தொப்புளுக்கு நல்லது. கிருமி அந்த வழியா வரல. தண்ணி குடிங்க, வந்தா போங்க, போனா முழுசாப் போங்க, கழுவுறது முன்னால இருந்து பின்னால. வந்துட்டா டாக்டரைப் பாருங்க. இவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஒரு மெஷின், ஒரு கதவு."

யூரினைப் பரிசோதனைக்கு அனுப்பி, கையில் ஊசி ஏற்றி, படுக்கவைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், ரஹ்மத்திடம் விசாரித்துக்கொண்டு அபினேஷ் வந்தான். ஒரு பை ஆப்பிள். ஜெஸிந்தா கட்டிலை விட்டு எழாமல் அவனை முறைத்தாள். அவன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"வில்லை கை மாறினது. உங்க ஒருத்தர் பை ஒரே நாள்ல முப்பது நாப்பது தடவை நிறைஞ்சு காலியாச்சு. ஒவ்வொரு தடவையும் வேற அளவு, வேற வடிவம். ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன்."

ஜெஸிந்தாவின் கை ஆப்பிள் பையில் அப்படியே நின்றது.

"பார்த்துட்டு ஏன் சொல்லல தம்பி?" என்றேன்.

அவன் காது வளையத்தைத் திருகினான். "கம்ப்யூட்டர்ல உங்க கிருமிக் கணக்கைக் காட்டுற கோடு அழகா இருந்துச்சு. அப்படியே ஏறி, மெல்ல இறங்கி, பச்சையில வந்து நின்னுச்சு. அந்த மாதிரி ஒரு கோட்டைக் காட்டினாத்தான் அடுத்த கடைக்காரன் வாங்குவான். நீங்க உள்ள எரிஞ்சுகிட்டு இருப்பீங்கன்னு நெனைக்கல. குணமாயிருப்பீங்க, மத்தவங்களுக்கு உதவுறீங்கன்னு நெனைச்சேன்."

"உன் கோடு இறங்கினப்ப எனக்குக் காய்ச்சல் ஏறுச்சு."

அவன் தலை குனிந்தான். சின்னப் பையன். திட்டலாம் என்று பார்த்தால், திட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருந்தது? அடக்கச் சொல்லி வகுப்பு எடுத்தவளே நான்தானே. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அவன் கோட்டை நம்பினான், நான் வெளிச்சத்தை நம்பினேன்.

"நாளைக்கு அண்ணாச்சிட்ட உண்மையச் சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றான்.

"சொன்னா என்ன ஆகும்?"

"என் வில்லையத் தூக்கிப் போட்டுருவாரு. உங்களையும்."

"கதவு?"

"பூட்டு போட்டுச் சாவிய சுடலையாண்டி சார்ட்ட குடுப்பாரு. சட்டத்துக்கு ஒரு வக்கீலைப் பிடிப்பாரு."

பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, அந்த எட்டுப் பேர்ல யாருக்காவது கிருமி வந்துச்சா?"

"இல்லக்கா. ஒருத்தருக்கும் இல்ல. போன வருஷ ஆடியில மட்டும் அவங்கள்ல மூணு பேரு இதுக்காக லீவு போட்டிருக்காங்க."

"ரெண்டு மணிக்கொரு தடவை போனவளுக்கு வரல. போகாதவளுக்கு வந்திருக்கு. உன் கோடு பொய் சொல்லலை. பேரு மட்டும்தான் தப்பா எழுதியிருக்கு."

அவன் நிமிர்ந்தான்.

"அண்ணாச்சிட்ட போய்ச் சொல்லு. முக்கால்வாசி வரைக்கும் காத்திருந்தா நோய் வரும், லீவு வரும். ரெண்டு மணிக்கொரு தடவை எல்லாருக்கும் கதவு திறந்தா வராது. பிரம்மசக்தி உடம்பே சாட்சின்னு சொல்லு. நாங்க சொன்னா நம்ப மாட்டாரு. கோடு சொன்னா நம்புவாரு."

"அப்படிச் சொல்லணும்னா..." அவன் இழுத்தான்.

"சொல்லு."

"உங்க உடம்பு சாட்சின்னா, நீங்க குணமானவங்களா இருக்கணும். இந்த ஆஸ்பத்திரி, இந்த ஊசி, எதுவுமே நடந்திருக்கக் கூடாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா கோடு செத்துரும். மருத்துவ லீவு கேக்க முடியாது. சொல்லாம லீவு போட்டவங்க ஆயிருவீங்க."

ஜெஸிந்தா, "அதெல்லாம் முடியாது" என்றாள்.

நான் ரஹ்மத்தை நினைத்தேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் நான் நினைத்தது அந்தக் கதவு திறந்த முதல் நாளை. பத்து வருடத்தில் ஒரு நாள்.

"எழுதிக்கோ தம்பி. நான் பூரண நலம்."

ஒரு வாரம் கழித்து கடைக்குப் போனேன். சொல்லாமல் லீவு போட்டதற்குத் தண்டனையாகப் பட்டுப் பிரிவு போய், தரைத்தள லுங்கிப் பிரிவு கிடைத்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை டிபன் பைக்குள் ஒளித்து வைத்து, கடைசி மாத்திரை வரை விழுங்கினேன்.

அண்ணாச்சி கோட்டை நம்பினார். நம்பியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இரண்டு மணிக்கொரு தரம் வில்லைகள் கிர்ரென்று அதிரும், எல்லாரும் போயே ஆக வேண்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். முன்பு கதவை மறித்து நின்ற சுடலையாண்டி சார் இப்போது மாடி மாடியாக விரட்டினார்.

"ஜெஸிந்தா, உனக்கு நேரமாச்சு, போ."

"வரல சார்."

"வரலைன்னா போய் உக்காந்துட்டாவது வா. எனக்குக் கணக்கு காட்டணும்."

சிரித்துக்கொண்டே போவார்கள். நானும் போவேன். லுங்கி வாங்க வந்த ஆண்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும், லுங்கி எங்கே ஓடிவிடப் போகிறது?

புரட்டாசியில் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். சுடலையாண்டி சார் லுங்கிப் பிரிவுக்கு வந்தார். ஒரு லுங்கியைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். முகம் வெளிறி இருந்தது. நாள் முழுக்க எங்களை விரட்டுகிறவருக்குத் தான் போக நேரம் எங்கே? அவருக்கு அதிர வில்லையும் இல்லை.

"பிரம்மசக்தி." குரல் இறங்கியது. "போறப்ப எரிச்சல் எப்படி இருந்துச்சு உனக்கு?"

"எதுக்கு சார்?"

"சும்மாதான். மிளகாய் மாதிரியா?"

"அரைச்ச மிளகாய் மாதிரி."

அவர் சுற்றிலும் பார்த்தார். "நாலு நாளா அப்படித்தான் இருக்கு. நேத்து குளிர் வேற. தொப்புள்ல எண்ணெய் வச்சிருக்கேன். வெளிய தெரிஞ்சா அசிங்கம். நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?"

தெரியும். பெயர் தெரியும், தெரு தெரியும், எந்தக் கட்டில் கிரீச்சிடும் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் கம்பெனி பதிவின்படி நான் அந்த வாசலை மிதித்ததே இல்லை. மிதித்தேன் என்றால் கோடு செத்துவிடும். இந்த மனிதர் வாய் திறந்தால் ஒன்பது பேரும் வெளியே, கதவு பூட்டு.

அவர் ஒரு கையால் விலாவுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டார்.

"டாக்டர் ரமலா, சார். பாளையங்கோட்டை மார்க்கெட் பின்னால. இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. மாத்திரை குடுத்தா பாதியில நிறுத்தாதீங்க, நல்லா இருக்க மாதிரி இருந்தாலும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சொந்தக்காரி ஒருத்தி அங்க கிடந்தா சார். கிட்னி வரைக்கும் போயிட்டு."

"எப்ப?"

"ஆடி கழிஞ்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லாமல் லீவு போட்டது எப்போது என்பது அவருக்குத் தெரியும். என்னை லுங்கிக்கு அனுப்பியவரே அவர்தான். பிறகு கையிலிருந்த லுங்கியை ஒழுங்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப எப்படி இருக்கா அந்தச் சொந்தக்காரி?"

நான் லுங்கியை வாங்கி அடுக்கில் வைத்தேன்.

"தண்ணி குடிக்கா சார்."